நாணயச்சாலையின் அருகே: கிள்ளான் பள்ளத்தாக்கில் காசு சேகரிப்பும் தமிழர் வரலாறும்

முன்னுரை

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றே வழங்கி வருகின்றனர். இன்று புழங்கும் ரிங்கிட் தாளாலும் நெகிழியாலும் ஆனது. சென் நாணயங்களிலும் வெள்ளி இல்லை. ஆயினும், வெள்ளி டாலர் கைமாறிய காலத்தின் நினைவை இச்சொல் இன்றளவும் காத்து நிற்கின்றது. சொல் காத்துள்ள இவ்வரலாற்றை நம் இல்லங்களில் எஞ்சியுள்ள பழங்காசுகளும் காத்துள்ளன. அவற்றை எவ்வாறு சேகரித்தல் வேண்டும் என்பதை, நாணயச்சாலை ஒன்றன் அருகே வாழும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

நாணயச்சாலை நெருங்கி வந்த வரலாறு

மலாயாவில் புழங்கிய நாணயங்கள் நெடுங்காலம் கடல் கடந்தே வந்தன. பினாங்கிற்காகக் கிழக்கிந்தியக் கும்பினி வெளியிட்ட 1825, 1828ஆம் ஆண்டுச் செப்புக் காசுகள் சென்னை நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை. நீரிணைப் பகுதிக்கென 1845ஆம் ஆண்டு பொறித்த செப்புக் காசுகள் கல்கத்தாவில் உருவாயின. 1895 முதல் வெளிவந்த பிரித்தானிய வணிக டாலர் பெரும்பாலும் பம்பாயில் அடிக்கப்பட்டது. அதில் பிரித்தானியாவின் உருவம் ஏந்தும் திரிசூலத்தின் நடுமுனையில் பம்பாயைக் குறிக்கும் 'பி' என்னும் சிற்றெழுத்து காணப்படும். மறுபுறத்தில் சீன எழுத்தும் சாவி எழுத்தும் இடம்பெற்றுள்ளன. 1903ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற டாலரும் பம்பாயிலிருந்தே வந்தது. எனவே, நம் முன்னோர் 'வெள்ளி' என்று எண்ணி வாங்கிய நாணயங்களுட் பல, அவர்களைப் போலவே இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவை எனலாம்.

விடுதலைக்குப் பின்னர் இந்நிலை மாறியது. 1959இல் மலாயாவின் மைய வங்கி நிறுவப்பட்டது. 1967இல் மலேசியாவின் சொந்த நாணயங்கள் புழக்கத்திற்கு வந்தன. 1971இல் அவ்வங்கியின் நாணயச்சாலை ஷா ஆலமில் செயற்படத் தொடங்கியது. ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்ட நிலத்தில் எழுந்த நகரம் அது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே அமைந்துள்ளது. கடல் கடந்து வந்த காசு, தமிழர் பால் வெட்டிய மண்ணிலேயே உருவாகத் தொடங்கியதை வரலாற்றின் ஒரு திருப்பமாகக் கொள்ளலாம்.

சேகரிப்பாளர் வளர்த்த துறை

இத்துறையின் அடிப்படை நூல்கள் கோலாலம்பூரிலேயே தோன்றின. வில்லியம் ஷாவும் முகமது காசிம் ஹாஜி அலியும் இணைந்து எழுதிய மலாக்கா நாணயங்கள் பற்றிய நூலை நாட்டு அருங்காட்சியகம் 1970இல் வெளியிட்டது. 1968இல் தோன்றிய மலேசிய நாணயவியல் கழகம், சரண் சிங்கின் கலைக்களஞ்சியத்தை 1986இல் கொணர்ந்தது. தமிழகத்திலும், இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் மதுரையில் விலைக்கு வாங்கிய செப்புக் காசொன்றில் 'பெருவழுதி' என்னும் தமிழ்ப் பிராமி எழுத்தைக் கண்டறிந்தார். சங்க காலத் தமிழ் வேந்தர் காசு வெளியிட்டனரா என்னும் ஐயத்தை நீக்க அது பெரிதும் உதவிற்று. ஆயினும், சந்தையில் கிடைத்த காசுக்கு மண்ணடுக்குச் சான்று இல்லை. காசு தப்பிப் பிழைத்தாலும் அது கிடைத்த இடம் பற்றிய செய்தி தப்பவில்லை. இக்குறையே நமக்குப் பாடமாக அமைகின்றது.

ஒரு நாட்கூலியும் ஒரு காசும்

நாணயச்சாலையின் அருகே வாழும் சேகரிப்பாளர் பலரும் புழங்காத, மெருகு குலையாத காசுகளை நாடுவது இயல்பு. ஆண்டும் எண்ணிக்கையும் அரிதாயின் விலை கூடும். தேய்வு மிகுந்தால் விலை குறையும். வரலாற்று ஆய்வாளனுக்கோ தேய்வே சான்றாகும்.

1920, 1921ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் வெளிவந்த 50 காசு வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்வோம். 1920களின் இறுதியில் சிலாங்கூர் கரையோரத் தோட்டங்களில் தமிழ் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு எனவும், பெண் தொழிலாளியின் நாட்கூலி 40 காசு எனவும் வகுக்கப்பட்டன. எனவே, அந்த ஒரு நாணயம் ஓர் ஆணின் ஒரு நாள் உழைப்பு. அதே தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாள் உழைப்பிற்கு அந்நாணயம் ஈடாகவில்லை. இரண்டு 20 காசுகளே அவளுக்கு உரியவை. உலகப் பொருளாதாரச் சரிவையொட்டி 1930இல் இக்கூலியும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்களில் கூலி உயர்வு முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. பட்டியல் நூல் இந்நாணயத்தின் எடையையும் வெள்ளியின் அளவையும் கூறும். அதை ஈட்டியவர் யார், எத்தோட்டத்தில், எத்தனை ஆண்டுகள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார் என்பவற்றைக் கூறாது. அவற்றை வீட்டுப் பெரியவரே கூற இயலும்.

பொன்னுக்கும் இது பொருந்தும். தமிழர் 'சவரன்' என்றும் 'பவுன்' என்றும் கூறும் எட்டுக் கிராம் அளவு, 7.98 கிராம் எடையுள்ள ஆங்கிலப் பொற்காசின் வழி வந்ததாகும். பம்பாயில் அக்காசு 1918ஆம் ஆண்டிற்கு மட்டுமே அடிக்கப்பட்டது. இந்தியாவைக் குறிக்கும் 'ஐ' என்னும் எழுத்து அதன் அடையாளம். அத்தகைய காசு கோத்த மாலை ஒன்று உருக்கப்படுமாயின் பொன் எஞ்சும். ஆண்டும் எழுத்தும் குடும்பச் செய்தியும் அழியும்.

முடிவுரை

நம் கண்ணெதிரேயும் காசுகள் மறைகின்றன. பித்தளை நிற ஒரு ரிங்கிட் நாணயம் 2005 டிசம்பர் 7 முதல் செல்லாததாயிற்று. 2008 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, செலுத்தும் மொத்தத் தொகை ஐந்தின் மடங்காக்கப்பட்டதனால் ஒரு சென் நாணயமும் கடைத்தெருவினின்று நீங்கியது. இன்றைய மாணவருக்கு அது பாட்டி வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும் பொருள்.

ஆகவே, தமிழாசிரியர்கள் எளிய பணியொன்றை மேற்கொள்ளலாம். வீட்டிலுள்ள பழங்காசு ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் இருபுறமும் படமெடுத்து, அதனை வைத்திருந்தவர், தோட்டம் அல்லது தொழில், வந்து சேர்ந்த வழி ஆகியவற்றைப் பெரியவரின் சொற்களிலேயே எழுதிவருமாறு மாணவரைப் பணிக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த குடும்பத்தின் காசும், கிள்ளான் தோட்டத்துக் காசும் ஒரே ஆண்டின, ஒரே அச்சின எனினும் அவை உரைக்கும் வரலாறு வெவ்வேறு. காசு நாளையும் கிடைக்கும்; அதன் கதையைச் சொல்பவர் நாளை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.