சதுரங்கக் கட்டங்களின் பேரெண்

18,446,744,073,709,551,615. இருபது இலக்கங்கள் கொண்ட இவ்வெண் ஒரு கதையோடுதான் நம்மிடம் வந்து சேர்ந்தது. சதுரங்கத்தைக் கண்டுபிடித்த ஸிஸ்ஸா என்பவர், முதற் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு இந்திய மன்னனிடம் கேட்டாராம். கதை உண்மையா என்பதற்குச் சான்றில்லை. ஆனால் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. அதுவே என் கவனத்தை ஈர்க்கிறது.

கி.பி. 1000ஆம் ஆண்டளவில் எழுதிய 'அல் ஆஸாருல் பாகியா' என்ற நூலில் அல் பிரூனி இத்தொகையைக் கணித்தார். அவர் 64 முறை கூட்டிக்கொண்டிருக்கவில்லை. எந்தக் கட்டம்வரை கூட்டினாலும், வரும் தொகை அடுத்த கட்டத்தின் தொகையிலும் ஒன்று குறைவு. 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 7, அடுத்தது 8. ஆகவே 65ஆவது கட்டம் ஒன்று இருந்தால் அதில் என்ன வரும் என அறிந்தாற் போதும். 16ஐ வர்க்கித்தால் 256; அதை வர்க்கித்தால் 65,536; மீண்டும் வர்க்கித்தால் 4,294,967,296; இன்னொருமுறை வர்க்கித்து ஒன்றைக் கழித்தால் விடை கிடைத்துவிடுகிறது. நான்கே படிகள்!

13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான், சதுரங்க வல்லுநர் அஸ்ஸூலியின் வரலாற்றை எழுதுகையில் இக்கதையையும் குறிப்பிடுகிறார். தொகை இவ்வளவு பெருகும் என்பதை முதலில் தாம் நம்பவில்லை என்கிறார். அலெக்சாந்திரியாவின் கணக்காளர் ஒருவர் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே ஏற்றுக்கொண்டார். 16ஆம் கட்டத்தில் 32,768 மணிகள். அதை ஓர் அளவுக் கிண்ணமாகக் கொண்டு, கிண்ணங்களைக் களஞ்சியங்களாகவும், 1,024 களஞ்சியங்களை ஒரு நகராகவும் கணக்காளர் உயர்த்திச் செல்கிறார். 64ஆம் கட்டத்தில் வருபவை 16,384 நகரங்கள்.

அல் பிரூனியின் ஏணி அவரோடு முடியவில்லை. இவ்வெண்ணைப் பிரித்தால் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 ஆகியவற்றின் பெருக்கமாக வரும். 2, 4, 16 எனத் தொடரும் அதே வர்க்கப் படிகளோடு ஒவ்வொன்று கூட்டியவையே இவை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பெர்மா இவ்வகை எண்கள் யாவும் பகாவெண்களே எனக் கருதினார். முதல் ஐந்தும் அவ்வாறே. ஆறாவது 641ஆல் வகுபடும் என்பதை 1732இல் ஒய்லர் காட்டினார், ஈவு 6,700,417. இன்றைய கணினியில் 64 இருமை இலக்கங்களால் எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண்ணும் சதுரங்கப் பலகையின் இதே தொகைதான்.

"எல்லாவற்றையும் அன்றே நம்மவர் கண்டுபிடித்துவிட்டார்கள்" என மேடைகளில் முழங்குவது நமக்குப் பழகிப்போன ஒன்று. இங்கே கதை இந்தியாவினுடையது, பகுப்பு ஐரோப்பாவினுடையது. நமது முன்னோர் பங்கு வேறு. கேட்ட கதையைக் கணக்கிட்டுப் பார்த்தவர் ஒருவர். ஐயத்தை மறைக்காமல் எழுதிவைத்து, சான்று கண்டபின் ஏற்றவர் மற்றவர். பெருமை பேச விரும்புவோர் அந்த ஐயத்தைப் பற்றியும் பேசட்டும். அதைத்தான் நாம் அதிகம் இழந்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.