பந்திக்கு முந்திய சமாதானம்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் மனந்திரும்புதலும் ஒப்புரவும்

1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தில், திருவிருந்து ஆராதனைக்கு முன்பாகக் குருவானவருக்கு ஒரு விதி சொல்லப்பட்டிருக்கிறது. சபையாரில் இருவருக்குள் வன்மம் நிலவுவதாகத் தெரிந்தால், அவர்கள் ஒப்புரவாகும்வரை பந்தியில் சேர்க்கக்கூடாது. ஒருவர் மனதார மன்னிக்கவும், தான் செய்த தீங்குக்கு ஈடு செய்யவும் ஆயத்தமாயிருக்க, மற்றவர் இணங்க மறுத்தால், ஆயத்தமானவரைச் சேர்த்துக்கொண்டு மறுத்தவரை நிறுத்திவைக்க வேண்டும். காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதைச் சபை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி இது. ஆனால் இது இரண்டு தனிமனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டது. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கங்களின் வழியாக இந்த ஆராதனை முறை திருநெல்வேலிக்கு வந்தபோது, இங்கே எழுந்த பெரும் பகைகள் சங்கத்துக்கும் சபைக்கும் இடையே, சாதிக்கும் சாதிக்கும் இடையே எழுந்தவை. அவற்றைத் தீர்க்க இந்த விதி போதவில்லை.

அந்தப் பகைகளுக்கு நிலத்திலும் வேர் உண்டு. 1950களில் கட்டப்பட்ட மணிமுத்தாறு அணையிலிருந்து புறப்படும் கால்வாய் நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட பூமிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. அந்த நீர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே கிறிஸ்தவ ஊர்கள் எழுந்துவிட்டன. முதலூர் 1799-இல் உருவானது. மணிமுத்தாறு தாமிரபரணியில் கலக்கும் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டார நஞ்சை ஊர்களில் மிஷன் அந்த அளவுக்கு வேர்விடவில்லை. பனையை நம்பிப் பிழைத்தவர்களும் ஒடுக்கப்பட்டவர்களுமே திரளாகச் சபைக்கு வந்தார்கள். யார் யாரோடு சமாதானமாக வேண்டும் என்ற கேள்வி ஆற்றுப்பாசனத்துக்கும் தேரிக்காட்டுக்கும் இடையே முன்பே எழுதப்பட்டிருந்தது.

முதல் பெரும் பிளவு இரேனியஸ் அய்யருடையது. பிரஷ்யாவில் பிறந்து, லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்று, 1814-இல் சென்னை வந்திறங்கிய அவர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். தமிழில் ஆழ்ந்த புலமை கொண்டவர். ஊர்களில் துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கம் ஏற்படுத்தியவர். தம்மிடம் பயின்ற உபதேசியார்களுக்கு இங்கேயே, தாம் சார்ந்த முறைப்படி, குருப்பட்டம் கொடுக்க விரும்பினார். பேராயரின் கையால்தான் பட்டம் என்பது சி.எம்.எஸ். நிலைப்பாடு. இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளை அவர் அச்சில் விமர்சித்தபோது உறவு முறிந்தது. 1835-இல் விலக்கப்பட்டு ஆற்காட்டுக்குப் போனவர், உபதேசியார்கள் வருந்தி அழைக்க, அந்த ஆண்டே திரும்பி வந்தார். சபைகள் இரண்டாயின. ஒரே ஊரில், ஒரே உறவுக்குள், சங்கத்தின் பக்கம், இரேனியஸின் பக்கம் என்று பிரிவு. 1838 ஜூன் 5-இல், 47 வயதில், அவர் இறந்தார். அடைக்கலாபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் அவரோடு பிரிந்திருந்தவர்களில் பலர் மெல்ல சங்கத்துக்குத் திரும்பினார்கள்.

வரலாற்று நூல்கள் இதைச் சுபமான முடிவாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே சண்டை ஓய்ந்தது உண்மை. ஆனால் ஒரு தரப்பின் தலைவர் மண்ணுக்குள் போனபின் மிஞ்சியவர்கள் பழைய வீட்டுக்கு வந்தார்கள் என்பதே நடந்தது. குருப்பட்டம் யார் கையால் என்ற வழக்கு அப்படியே கிடந்தது. அதைத் தீர்க்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இரண்டாவது பிளவின் காரணம் வேறு. மிஷனரி இராபர்ட் கால்டுவெல் 1849-இல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இடையன்குடியில் அந்த மக்களுக்காகவே உழைத்தவர் அவர். ஆனால் அவர்களது அறிவையும் பழக்கங்களையும் அந்த நூலில் மிகத் தாழ்வாக வரைந்திருந்தார். மிஷனரிகளோடு ஏற்கனவே முரண்பட்டிருந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை அந்த அவமதிப்பை மக்களுக்கு எடுத்துச் சொன்னார். 1857-இல் நாசரேத் பகுதியில் அந்நியர் பணமும் மேற்பார்வையும் இல்லாத தனிச் சபை பிறந்தது. சனிக்கிழமை ஓய்வுநாளும் பழைய ஏற்பாட்டு முறைகளும் அதன் அடையாளங்கள். பாவத்தை உணரும்படி வாரந்தோறும் பிரசங்கித்தவர்கள், தாங்களே செய்த ஒரு தீங்கை எப்படி எதிர்கொள்வது என்ற சோதனை அங்கே வந்தது. பிரிந்தவர்களைக் கலகக்காரர் என்று சொல்வது எளிதாயிருந்தது; அவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எளிதாயில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1860-இல், எழுப்புதல் வந்தது. அதன் நடுவில் நின்றவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். இரேனியஸிடம் படித்தவர், பின்னர் மிஷனரி அந்தோனி நோரிஸ் குரோவ்ஸின் நட்பால் எந்தச் சங்கத்தின் சம்பளமும் வாங்காமல் ஊழியம் செய்தவர். வத்திராயிருப்பு அருகே கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கிய அசைவு திருநெல்வேலிச் சபைகளுக்கும் பரவியது. ஆண்களும் பெண்களும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், எல்லாருக்கும் முன்பாகப் பாவத்தை அறிக்கையிட்டார்கள். இந்தக் கண்ணீரை நான் குறைத்து மதிக்கவில்லை. தமிழ் உபதேசியாரின் தலைமையில் எழுந்த மனந்திரும்புதல் இது. இரவல் பக்தி என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஆயக்காரன் சகேயுவின் கதை நினைவுக்கு வருகிறது. அவன் அழுததாகச் சுவிசேஷம் சொல்லவில்லை. பறித்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான். 1860-இன் அறிக்கைகள் பெரும்பாலும் தேவனுக்கும் ஆத்துமாவுக்கும் இடையே நின்றன. சாதியாகத் திரண்டு செய்த பாவத்துக்கு யார் முன்னால் வந்து அறிக்கையிடுவது என்ற கேள்வியை அந்த எழுப்புதலும் தொடவில்லை.

கத்தோலிக்கரிடம் அந்தக் கேள்வி கல்லும் சுண்ணாம்புமாகவே நின்றது. மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். அங்கே 1872-இல் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் மண்டபங்கள் இரண்டு. வேளாளர் ஒரு பக்கம், நாடார் முதலானோர் மறுபக்கம். பூசை ஒன்று, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910-இல் இயேசு சபைக் குரு கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. தனி இடத்துக்கான உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கௌசானலின் துணிவு பெரியது. அவர் இடித்திராவிட்டால் அது தானாக விழுந்திருக்காது. எனினும் ஒன்று பாருங்கள்: சுவரை எழுப்பிப் பயன்பெற்றவர்கள் நீதிமன்றப் படி ஏறியது சுவரைக் காப்பாற்றத்தான். சமாதானம் அங்கே தீர்ப்பாக வந்து சேர்ந்தது.

குருப்பட்டம் பற்றிய இரேனியஸ் வழக்குக்கு முடிவு வந்தது வேறு விதமாக. வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் வேதநாயகம் அசரியா, 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த குருமார்கள் கூடக் காரணமானவர்களில் முதன்மையானவர். கூடிய 33 பேரில் இருவர் தவிர எல்லாரும் இந்தியர். நம்மை நாமே பிரித்துக்கொள்ளவில்லை, வெளியிலிருந்து வந்த பிரிவுகளைச் சுமக்கிறோம் என்பதே அவர்களது உள்ளக் குமுறல். இணைப்பைப் பற்றி 28 ஆண்டுகள் பேசினார்கள். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதற்கு இரண்டே முக்கால் ஆண்டு முன்பே இறந்துபோயிருந்தார். ஒன்றிணைந்த விதம் கவனிக்கத்தக்கது. பேராயர் முறையை ஆங்கிலிக்கர் அல்லாத சபையார் ஏற்றார்கள்; பேராயர் கையால் பட்டம் பெறாத குருமாரை, மறுபட்டம் கேட்காமல், ஆங்கிலிக்கர் ஏற்றார்கள். 1835-இல் இரேனியஸைத் துரத்திய அதே கேள்வி, இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததால் 112 ஆண்டுகளுக்குப் பின் தீர்ந்தது.

புதிய திருச்சபை 1950-இல் வகுத்த திருவிருந்து முறையில் சமாதானம் பகிர்வதும் இடம்பெற்றது. ஒருவர் வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மூடிப் பீடத்திலிருந்து கடைசி வரிசைவரை கைமாற்றுகிறார்கள். சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் அது. வன்மம் உள்ளவர்களை விலக்கிவைத்த 1662-இன் விதி, இங்கே கை நீட்டிச் சேர்த்துக்கொள்ளும் செயலாக மாறியிருக்கிறது.

ஆனால் சபைகளுக்கிடையே இணைப்பு நடந்தபோது இரு தரப்பும் எதையோ இழந்தன. சாதி விஷயத்தில் இதுவரை அப்படி நடக்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவர் இன்றும் பேசப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிக்கும்படி ஆலயங்களில் கேட்கிறோம். ஆதாயம் அடைந்தவர்களிடம், சகேயுவைப் போல, எதைத் திருப்பித் தருவீர்கள் என்று கேட்பது அரிது. ஜெபப் புத்தகத்தின் பழைய விதியில் மன்னிப்போடு சேர்த்து ஈடு செய்தலும் எழுதப்பட்டிருந்தது. கைகோத்துச் சமாதானம் சொல்லும் இன்றைய ஆராதனைக்குள் அந்தப் பாதியையும் எடுத்துவர வேண்டிய பொறுப்பு, பட்டத் தகராறைத் தீர்க்க 28 ஆண்டுகள் உட்கார்ந்து பேசிய இந்தத் திருச்சபைக்கே முதலில் உண்டு.