யாருடைய துக்கம்?

தெருவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சோகம் தானாக வந்துவிடும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. இந்தச் சோகத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃபிராங்க் 1955-56இல் அமெரிக்கா முழுக்க அலைந்து எடுத்த சுமார் 28,000 படங்களிலிருந்து 83ஐத் தேர்ந்து 1958இல் பாரிஸில் நூலாக்கினார். அமெரிக்காவில் 'தி அமெரிக்கன்ஸ்' என்று அது வந்தது 1959இல். அதிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் டிராம் படத்தில் முன்னால் வெள்ளையர், பின்னால் கறுப்பர். ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்ததற்குச் சில வாரங்கள் முந்தி எடுத்தது. பின்னால் வந்தவர்கள் அந்தச் சாம்பல் நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள், இருக்கையை விட்டுவிட்டார்கள்.

ரகுபீர் சிங் (1942-1999) இந்தத் துக்கத்தையே மறுத்தார். இது மேற்கின் மனச்சோர்வு, இந்தியப் பார்வை வண்ணத்தில்தான் இயங்குகிறது என்று 1998இல் வந்த 'ரிவர் ஆஃப் கலர்' நூலில் வாதிட்டார். இரவல் சோகத்தை மறுத்தது நியாயம்தான். ஆனால் எந்த இந்தியாவின் வண்ணம்? மலக்குழியில் செத்தவர் வீட்டில் அதற்கு என்ன வேலை?

'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த எம். பழனி குமார், அத்தகைய குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர். அங்கே துக்கத்தைப் பாணி என்று சொல்ல முடியாது. சாதி செய்ததற்கு அது சாட்சி.

நம்ம பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில், ஷிப்ட் முடிந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற தொழிலாளியைப் படம் புடிக்கலாம். ஆனால் அவருக்கு என்ன கூலி, இரட்டைக் குவளை வைத்த இந்த வட்டாரத்தில் அவர் கைக்கு வந்தது எந்தக் குவளை என்று கேட்காமல் எடுத்த படத்தில், சோகம் காமிராக்காரனுடையது மட்டுமே.