விகடகவியும் கூன் வண்ணானும்

தெனாலிராமனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து யானையை விட்டு மிதிக்கச் சொல்கிறார் ராஜா. அந்த வழியாகக் கூன் விழுந்த வண்ணான் ஒருவன் வருகிறான். தனக்கும் கூன் இருந்ததாகவும் மண்ணுக்குள் நின்றதில் நிமிர்ந்துவிட்டதாகவும் ராமன் அளக்கிறான். வண்ணான் அவனைத் தோண்டி எடுத்துவிட்டுத் தானே குழிக்குள் இறங்குகிறான். சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். 'அப்புறம் வண்ணான் என்னானான் பாட்டி?' 'கதை அவ்வளவுதான்டா, படு.'

அவனுக்குப் பெயர் கிடையாது. சாதியும் கூனும் மட்டுமே அடையாளம். வாய்சாமர்த்தியக் கதைகளை அதிகாரத்துக்கு எதிரான மக்கள் சிரிப்பு என்று நம்மில் பலர் எழுதியிருக்கிறோம், நானும்தான். பாதிதான் சரி. ராஜா முகத்தில் அசடு வழிய வைக்கிற ராமன் பிராமணன், அரண்மனைச் சோற்றுக்காரன். ராஜா சிரித்துவிட்டுப் பொற்கிழி தருகிறார். சிம்மாசனம் இம்மியும் அசைவதில்லை. சிரிப்பின் மிச்சம் கீழே இருப்பவன் தலையில் விழுகிறது.

வரலாற்றில் இந்த ராமனைத் தேடினால் கிடைப்பவர் 'பாண்டுரங்க மாஹாத்மியம்' எழுதிய தெலுங்குக் கவி, பக்திக் காவியக்காரர். 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் அவையில் அவர் இருந்தாரா என்பதே தகராறு. விகடகவி, பிற்காலத்து வாய்கள் செய்த ஆள். பீர்பலும் அப்படித்தான். நிஜ பீர்பல் 1586இல் யூசுப்சாய் ஆப்கானியரோடு நடந்த போரில் மாண்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை. பின்னால் அச்சேறிய உருதுத் துணுக்குகளிலோ அவரை மடக்கவென்றே முல்லா தோ பியாஸா என்றொருவர் முளைக்கிறார். அக்பர் காலத்து வரலாற்று நூல்களில் அவர் இல்லை. சி.எம். நயீம் 1995இல் எழுதிய கட்டுரை இந்தத் துணுக்குகளைச் சமூக அரசியலோடு வைத்துப் படிக்கிறது. யார் வாயில் கதை இருக்கிறதோ அவர் ஆள் ஜெயிக்கிறார் என்பதுதான் விஷயம்.

நம்ம பக்கம் மாடு மேய்க்கிற பையன் ஔவையை மடக்கும் நாவல்பழக் கதை உண்டு. பழத்தில் ஒட்டிய மண்ணைக் கிழவி ஊதுகிறாள், படிப்பு தோற்கிறது. இதுவல்லவா அடித்தள மக்களின் சொல்லாடல் என்று துள்ளும்போதே பையன் முருகனாகிவிடுகிறான். மாட்டுக்காரப் பையனாகவே ஜெயிக்கவிடக் கதைக்கு மனசு வரவில்லை.

போன வருஷம் பேத்திக்கு ராமன் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. 'யானை வந்துச்சா தாத்தா?' என்றாள். சிலர் சொல்வதில் ராஜா மனமிளகி மன்னித்துவிடுகிறார் என்றேன். 'யாரை?' என்றாள். ராமனைத்தான்.