திருமலைப் பாறையும் வால்மீன் வெளிச்சமும்

வால்மீன் நம்மவர்களுக்கு இன்று நேற்று அறிமுகமானதல்ல. பாரியின் நாட்டைப் பாடிய கபிலர், புறநானூற்று 117ஆம் பாட்டில், வானில் ‘தூமம்’ தோன்றுவதைக் கேட்டின் அறிகுறிகளுள் ஒன்றாகக் குறிக்கிறார். தூமம் என்றால் புகை. பொருத்தமான பெயர்தான்! நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பெரும்பகுதி, கருவிலிருந்து கிளம்பும் தூசியும் வாயுவும் தருவது. அந்தப் புகைக்குள் ஒளிந்திருக்கும் கரு எப்படிப்பட்டது என்று கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சித்தூர்க்காரனான எனக்கு இதை விளக்கத் திருப்பதி மலையே போதும். வெயில் நம் முதுகுப்பக்கமிருந்து விழும்போது மலைப்பாறை முழுக்கப் பளிச்சென்று இருக்கும். பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு வெடிப்பும் நிழல் கட்டிக்கொள்ளும், மலையே கறுத்துப்போகும். பாறை மாறவில்லை, நாம் பார்க்கும் நிழலின் அளவுதான் மாறுகிறது. நிலாவும் இப்படித்தான். பாதி நிலா, பௌர்ணமியில் பாதி வெளிச்சம் தரணும் இல்லையா? ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. அதன் கரடுமுரடான தரைதான் காரணம்.

நிழல் மறையும்போது பிரகாசம் கூடுகிறது என்பதை, சனிக் கோளின் வளையங்களை வைத்து 1887இல் விளக்கியவர் ஜெர்மானியர் சீலிகர். பிறகு நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் வருகிறார். ஒளி ஒரு பொருளுக்குள் பலமுறை சிதறி எப்படி வெளியேறுகிறது என்பதற்கு, 1950இல் வெளியான தம் நூலில் முறையான கணிதம் வகுத்தார். அந்தக் கணிதத்தைப் பயன்படுத்தி, கோள்களின் தரை ஒளியைத் திருப்பும் விதத்துக்கு 1981இல் சூத்திரம் அமைத்தார் அமெரிக்கரான புரூஸ் ஹாப்கே. 1984இல் அதில் கரடுமுரட்டையும் சேர்த்தார். மேடுபள்ளங்களின் சராசரிச் சரிவு எத்தனை பாகை என்பதே அதன் அளவு.

1986 மார்ச்சில் ஜியாட்டோ விண்கலம் ஹாலி வால்மீனை நெருங்கியபோது, அதன் கரு வெயிலில் வெறும் 4 சதவீதத்தைத்தான் திருப்புகிறது என்று தெரிந்தது. கரியைப் போன்ற கறுப்பு! வெள்ளைப் பனியில் சிதறும் ஒளி நிழலையும் கொஞ்சம் வெளுப்பாக்கும். கரியில் அது நடக்காது, நிழல் நிழலாகவே நிற்கும். அதனால்தான் வால்மீன் கருவில் கரடுமுரடு இவ்வளவு முக்கியம்.

2015 பிப்ரவரி 14 அன்று, ரோசெட்டா விண்கலம் சூரியனை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு 67பி வால்மீனுக்கு 6 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. பாறைகளின் நிழலெல்லாம் மறைந்து தரை பிரகாசித்தது. படத்தில் விழுந்தது விண்கலத்தின் சொந்த நிழல்!

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். தொலைவில் வெறும் புள்ளியாகத் தெரியும் கருவின் பருமனை, அதன் வெளிச்சத்தை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுகிறோம். நிழலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பருமன் தப்பிப்போகும். பூமிப்பக்கம் வரும் ஒரு கருவின் அளவைத் தப்பாகச் சொன்னால் அது சின்ன விஷயமா?

சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பக்கமாகப் பாலாறு வந்திறங்கும் வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அதை நிறுவிய வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது கண்டெடுத்த வால்மீன் அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றதை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவருடைய கணக்கு ஒரு கறுத்த கருவின் மேடுபள்ளத்தை அளக்கவும் உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.