தியாகதுருகம் கோட்டையும் வண்டியில்லாப் பீரங்கிகளும்

தியாகதுருகம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ளது. ஊரையொட்டிச் சமவெளியில் தனித்து எழும் பாறைக்குன்றின் மீது பழைய மலைக்கோட்டை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இதைத் 'தியாகர்' என்று குறிப்பிட்டனர்.

1790இல் திப்பு சுல்தான் இக்கோட்டையைத் தாக்கிக் கைப்பற்ற முடியாமல் திரும்பினார். அப்போது கோட்டையின் பொறுப்பில் இருந்தவர் கேப்டன் பிளின்ட். அவருக்குப் புகழ் தேடித்தந்தது பத்து ஆண்டுகளுக்கு முன் வந்தவாசியில் நடந்த முற்றுகை. அங்கே அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தரையில் கிடந்த பீரங்கிகளுக்கு வண்டி செய்தது.

கோட்டையின் இருப்பிடம்

கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் இடையே ஆத்தூர்க் கணவாய் உள்ளது. சேலம் பகுதியிலிருந்து தென்னார்க்காட்டுச் சமவெளிக்கும் கடற்கரைக்கும் படைகள் இறங்கிவர இது முக்கிய வழி. கணவாயைக் கடந்து கிழக்கே வரும் படை தியாகதுருகத்தைப் பகைவர் கையில் விட்டு முன்னேறினால், பின்னால் வரும் தானிய மாடுகளுக்கும் வெடிமருந்து வண்டிகளுக்கும் பாதுகாப்பு இராது. கோட்டை அடிக்கடி கைமாறியதற்கு இதுவே காரணம்.

கர்நாடகப் போர்களின்போது பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்காகப் போட்டியிட்டனர். 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூர்ப் படையின் உதவியைப் பெறுவதற்காக இக்கோட்டையை ஹைதர் அலியின் தரப்புக்கு விட்டுக்கொடுத்தார். மைசூரில் ஹைதருக்கு நெருக்கடி ஏற்படவே, அப்படை திரும்பிச் சென்றது. பின்னர் ஆங்கிலேய மேஜர் பிரெஸ்டன் 65 நாள் வளைத்திருந்து 1761இன் தொடக்கத்தில் இதைக் கைப்பற்றினார். ஏறித் தாக்கி வெல்வதைவிட உள்ளே இருப்பவரைப் பட்டினியால் பணியவைப்பதே இத்தகைய மலைக்கோட்டைகளை வெல்லும் வழியாக இருந்தது.

பீரங்கியும் அதன் வண்டியும்

அக்காலப் பீரங்கி, வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுச் சுடப்படும் கனத்த உலோகக் குழல். குழல் நூறாண்டு கிடந்தாலும் பெரிதும் கெடாது. அதைத் தாங்கும் மரவண்டியோ வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். ஆகவே பராமரிப்பற்ற கோட்டைகளில் பீரங்கிகள் நிறைய இருந்தும் சுடத்தக்கவை குறைவாகவே இருந்தன.

வண்டியின்றிக் குறிபார்க்க முடியாது. குழலின் இருபுறமும் காதுபோல் நீண்டிருக்கும் உருளைகள் வண்டியின் பக்கப்பலகைகளில் அமர்கின்றன. குழலின் பின்பகுதிக்கு அடியில் மர ஆப்பைத் தட்டி உள்ளே செலுத்தினால் வாய் தாழும். வெளியே இழுத்தால் வாய் உயரும். பக்கவாட்டில் குறியை மாற்ற வண்டியையே நகர்த்த வேண்டும். சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பை வண்டிதான் தாங்குகிறது.

பழைய குழல்கள் ஒரே அளவாக இரா என்பதால் ஒன்றுக்குச் செய்த வண்டி மற்றொன்றுக்குப் பொருந்தாது. காதுகள் தளர்வாக அமர்ந்தால் குறி தவறும். மரம் மெலிந்திருந்தால் சில வெடிகளிலேயே பிளக்கும். வண்டி தாழ்வாக இருந்தால் பீரங்கியின் வாய் மதில் விளிம்புக்கு மேலே வராது. மலைக்கோட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே உள்ள பகைவரைச் சுட வாயைத் தாழ்த்தும்போது, துணி அல்லது கயிற்றுச் சுருளால் அடைக்காவிட்டால் குண்டு தானே உருண்டு வெளியே விழுந்துவிடும்.

வந்தவாசி, 1780

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். ஆற்காட்டு நவாபின் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. வந்தவாசிக் கோட்டையின் நவாப் அதிகாரியும் அதை ஹைதரிடம் ஒப்படைக்க இசைந்திருந்தார். ஆகஸ்டு மாதம் அப்போது லெப்டினன்ட்டாக இருந்த பிளின்ட் 100 சிப்பாய்களுடன் அங்கு அனுப்பப்பட்டார். அவர் சில சிப்பாய்களோடு உள்ளே நுழைந்து அதிகாரியை மடக்கிக் கோட்டையைத் தன்வசமாக்கினார்.

மதில்கள் சிதைந்திருந்தன. பீரங்கிகள் ஏராளமாக இருந்தும் அவற்றுக்கு வண்டிகள் இல்லை, வெடிமருந்தும் சொற்பமே. பிளின்ட் மதில்களைச் செப்பனிட்டார், பீரங்கிகளுக்கு வண்டிகள் செய்வித்தார், வெடிமருந்தையும் கோட்டைக்குள்ளேயே தயாரித்தார்.

ஆனால் பீரங்கி இயக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட அங்கில்லை. பிளின்ட் ஊரிலிருந்த வெள்ளி வேலை செய்யும் கொல்லர்களை அழைத்தார். உள்நாட்டுப் போர்முறையில் பீரங்கி இயக்கும் பணி வழக்கமாக அவர்களுடையதே என்பதால், அவர்களைத் தவறாமல் வரவழைத்துப் பயிற்சி அளித்தார். பின்வந்த முற்றுகையில் அவர்களே பீரங்கிப் படையாகப் பணிபுரிந்தனர்.

ஹைதரின் படை பல மாதம் முயன்றும் கோட்டை விழவில்லை. 1781 ஜனவரியில் தளபதி அயர் கூட் படையுடன் வந்தபோது முற்றுகை விலக்கப்பட்டது. அதே ஆண்டின் நடுவில் வந்த அடுத்த முற்றுகையையும் வந்தவாசி தாங்கியது.

தியாகதுருகம், 1790

மூன்றாம் மைசூர்ப் போரில், 1790இன் இறுதியில், திப்பு சுல்தான் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வடக்கே திரும்பித் தியாகதுருகத்தை அடைந்தார். பிளின்ட் அங்கிருக்கிறார் என்ற நம்பிக்கையில் சுற்றுவட்டார மக்கள் தம் பொருள்களுடன் மலையடிவாரத்துப் பேட்டையில் அடைக்கலம் புகுந்திருந்தனர். பேட்டையைக் கைப்பற்றத் திப்புவின் படை இருமுறை முயன்று, இருமுறையும் இழப்புடன் பின்வாங்கியது. பின்னர் அவர் திருவண்ணாமலை, பெருமுக்கல் வழியாகப் புதுச்சேரியை நோக்கிச் சென்றார்.

1792 உடன்படிக்கையால் சேலம், பாரமகால் பகுதிகள் கம்பெனி வசமாயின. ஆத்தூர்க் கணவாய்க்கு மேற்கே மைசூர் ஆட்சி நீங்கியதும், எல்லைக் காவலாக இருந்த தியாகதுருகத்தின் படைப் பயன் முடிவுக்கு வந்தது.

மதிப்பீடு

வந்தவாசி முற்றுகையை மார்க் வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்று நூலில் விரிவாகப் பாராட்டியுள்ளார். பிளின்ட்டின் பெயர் அவ்வாறு நிலைத்தது. பீரங்கிகளை இயக்கிய வெள்ளிக் கொல்லர்களின் பெயர்கள் அந்நூலில் இடம்பெறவில்லை. எனினும் கோட்டையைக் காத்தது குழல்களின் எண்ணிக்கை அன்று. குழல்கள் பிளின்ட் வருவதற்கு முன்பும் அங்கேதான் கிடந்தன. அவற்றைத் தாங்கப் பொருத்தமான மரமும், இயக்கப் பழகிய கைகளும் சேர்ந்த பிறகே அவை பீரங்கிகளாயின. பத்து ஆண்டுகள் கழித்துத் தியாகதுருகம் பேட்டைக்கு மக்கள் தம் பொருள்களுடன் வந்தது, அந்தக் கைகள் பெற்றுத்தந்த நம்பிக்கையால்தான்.