குடவோலைக் கல்வெட்டும் கருவிக் குறிப்பும்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றது 921ஆம் ஆண்டினது. வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் விரித்து எழுதினார். அவற்றை ஊராட்சிக்குச் சான்றாகக் காட்டுவார் பலர். செயல்முறையை எழுதிவைக்கும் கலைக்குச் சான்றாகக் காண்பார் அரியர். மறைமலைநகரில் இருந்து எழுதும் எமக்கு, முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அயலூரேயாகும். அதனை ஈண்டு இரண்டாவது நோக்கில் ஆராயப் புகுகின்றோம்.

இந்நோக்கம் எழுந்ததற்குக் காரணம் உண்டு. மாந்தர் இட்ட பணியை முடிக்கத் தேவையான மென்பொருட் கருவிகளைத் தாமே தேர்ந்து இயக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இன்று ஆய்வுத்துறைகளிலும் புகுந்துள்ளன. கருவியைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பே பெரும்பாலும் அவற்றிற்கு வழிகாட்டி. குறிப்பில் இல்லாததை அடுத்த அறையில் இருப்பாரிடம் கேட்டறியும் வழக்கம் அவற்றிற்கு இல்லை.

முதற் கல்வெட்டு வாரிய உறுப்பினர்க்கு முப்பதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்ட அகவையை விதித்தது. இரண்டாவது அதனை முப்பத்தைந்து, எழுபது என மாற்றியது. கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும் என்னும் விதிக்கு, அரைக்கால் வேலியே உடையார் ஆயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றிருப்பின் கொள்ளலாம் என விலக்கும் கூறிற்று. கணக்குக் காட்டாதவனை நீக்கியதோடு நில்லாது, அவனுக்கு எவ்வெவ்வுறவினர் நீக்கப்படுவர் என்பதையும் ஒவ்வொன்றாக எண்ணிற்று. ‘உறவினர்’ என்னும் ஒரு சொல்லால் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. அச்சொல்லின் எல்லையை ஆளுக்கொருவாறு கொள்வர் என்பதைச் சபையார் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

ஓலை எடுக்கும் முறை இன்னும் நுட்பமானது. சபை முழுதும் கூடியபின், நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்துவார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அவ்வோலைகளை வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுத்து மத்தியத்தன் கையில் கொடுப்பான். மத்தியத்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாசித்த பின்னரே அப்பெயர் கொள்ளப்படும். விரலை விரிப்பது எதற்கு என்று கல்வெட்டுக் கூறவில்லை. மறைத்து வைத்த வேறோர் ஓலையைப் புகுத்த இயலாமைப் பொருட்டென்பது வெளிப்படை.

இச்சிறுவனை முகவர்க்கு உவமையாக்குவார் உளராயின், யாம் ஒரு பாதியே உடன்படுவோம். சிறுவனுக்குத் தேரும் வேலை இல்லை. அவன் அறியாமையே அங்கு வேண்டப்பட்டது. முகவரோ தேர வேண்டும். ஆதலின் அதற்கு எழுதும் குறிப்பு இன்னும் நிறைவாக இருத்தல் வேண்டும்.

கருவிக்குக் குறிப்பெழுதும் வழக்கம் கணிப்பொறி உலகிற்குப் புதிதன்று. தாம்சனும் ரிச்சியும் 1971ஆம் ஆண்டு நவம்பரில் வெளிக்கொணர்ந்த யூனிக்சு கையேட்டில், கட்டளையின் பெயர், பயன் ஆகியவற்றோடு அதன் குறைகளைக் கூறும் பகுதியும் இடம்பெற்றது. தம் கருவியின் குறையைத் தாமே எழுதிவைத்த அந்நேர்மை போற்றற்குரியது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயர், விளக்கம், ஏற்கும் உள்ளீட்டின் வடிவம் ஆகியவற்றை முகவர்க்கு அறிவிக்கும் முறை அமைந்துள்ளது. வடிவத்தைப் பொறி சரிபார்க்கும். விளக்கத்தை எழுதுவது மாந்தர் கடமை. இடர் விளைவதும் அங்கேதான்.

எம் மாணவர் ஒருவர் கட்டளையடி ஆராய்ச்சிக்காக, அடிதோறும் எழுத்தெண்ணித் தருமாறு முகவர் ஒன்றைப் பணித்தார். அது தேர்ந்த கருவியின் குறிப்பில் ‘எழுத்துக்களை எண்ணும்’ என்று ஒரே வரி இருந்தது. வந்த எண்கள் எவ்வடிக்கும் பொருந்தவில்லை. ‘தமிழ்’ என்னும் சொல்லையே காண்க. கோ என்னும் நிரல்மொழியில் நீளம் கேட்டால் 15 என வரும். அது பைட்டுகளின் எண். பைத்தானில் 5, அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி எனும் யூனிக்கோடு குறிகளின் எண். ஸ்விஃப்டில் 3, இது மட்டுமே நம் எழுத்தெண்ணிக்கையோடு ஒக்கும். தொல்காப்பியச் செய்யுளியலின்படி அடிக்கு எண்ணுங்கால் ஒற்று நீங்க 2. நான்கும் சரியே! தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அடிகளின் பெயர் தாங்கிய ஊரில் இருந்து இதனைச் சொல்வது சற்றே நகைப்புக்கிடமாகலாம்: ‘எழுத்து’ தூய தமிழ்ச்சொல்லேயாயினும், எவ்வெழுத்து என்று வரையறுக்காதவழிப் பயன் தராது.

அக்குறிப்பைத் திருத்தி எழுதியபோது ஒற்றும் ஆய்தமும் எளிதில் அடங்கின; குற்றியலுகரமே எம்மை நிறுத்தியது. ‘நாகு’ என்பதன் ஈறு குற்றியலுகரம். ‘பசு’ என்பதன் ஈறு முற்றியலுகரம். இவ்வேறுபாடு சொல்லின் எல்லை தெரிந்தால் அன்றிப் புலப்படாது. நம் பதிப்புக்களிலோ சில சீர் பிரித்தன, சில சொல் பிரித்தன. ஒரே பாட்டு இருவகைப் பதிப்பில் இருவேறு எண் தரக்கூடும். ஆதலின் ‘உள்ளீடு சொல் பிரித்த பாடமாக இருத்தல் வேண்டும், சீர் பிரித்த பாடமாயின் எண்ணாது திருப்பி அனுப்புக’ என்னும் வரியைக் குறிப்பின் தொடக்கத்திலேயே சேர்த்தோம். அம்மாணவர் தம் பாடங்களுள் எவை எவ்வகையின என்று இப்பொழுது பிரித்துக்கொண்டிருக்கின்றார்.